தண்ணீர் கேட்காத செடிகள்

நான் ஆறாவது படித்தபோது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கேளம்பாக்கத்திலுள்ள தன் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு தாம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். லீவு முடிந்தும் அவள் கிளம்பாததில் எனக்குப் பரம சந்தோஷம்.

வாசல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் வேலையாயிற்று. மல்லி, டிசம்பர் பூ, குரோட்டன்ஸ் என்று அம்மா செல்லம் கொடுத்து வளர்த்த கூட்டம் அது. ஒரு வேளை ஊற்றாவிட்டாலும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அத்தை டியூபைப் பிடித்தாலே போதும், கேட்டுக்கு வெளியே யாராவது வந்து நின்றுவிடுவார்கள். "என்னம்மா, இன்னும் கிளம்பலையா? அவர் கூப்பிட வரலையா?" தெருவுக்கே அத்தை மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் அத்தை என் கணக்கு நோட்டில் தாளைக் கிழித்து வாசலை வரைந்தாள். "தண்ணியே ஊத்த வேணாத தோட்டம்டா" என்றாள். தண்ணீர் இல்லாமல் செடி எப்படி உயிரோடு இருக்கும்? இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அத்தையோடு நானும் நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, தண்ணியே வேணாம்னா பிளாஸ்டிக் பூ வாங்கிக்கினு போ."

கடைசியில் காகிதப்பூச் செடியும் சோற்றுக்கற்றாழையும் வந்தன. புல் முளைக்காமலிருக்கப் பழைய சாக்குகளை விரித்து, மேலே கூழாங்கல் கொட்டினோம். லாரித் தண்ணீர் மிச்சம் என்றார் அப்பா. அம்மா தன் மல்லியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு அத்தை வாசலுக்கே வருவதில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க அத்தை ஊருக்குப் போயிட்டாளா?"

"உள்ளதான் இருக்காங்க ஆன்ட்டி, கூப்பிடறேன்" என்று கத்தினேன். உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. வெகுநேரம் ஓடியது.

பாவம், வேலையில்லாமல் அத்தைக்குப் போரடிக்கிறது என்று முடிவு செய்தேன். அவள் பிறந்தநாளுக்கு நர்சரியிலிருந்து ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்து, "தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தணுமாம்" என்று நீட்டினேன். அத்தையின் முகம் விழுந்துவிட்டது. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு செடியை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இங்க வச்சா யாரு அத்தை பாப்பாங்க?"

"யாருமே பாக்க மாட்டாங்கடா" என்று சொல்லி, எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு, அவசரமே இல்லாமல் ஊற்றினாள்.

நான் நேராக அம்மாவிடம் ஓடி, நான் கொடுத்த ரோஜாவை அத்தை வீணாக்கிவிட்டாள் என்று புகார் சொன்னேன்.