என் கடலைமிட்டாயை வாங்காத அக்கா

நேத்து சிறுதொழில் பயிற்சியில ஒண்ணு சொன்னாங்க: "உங்க சரக்கை வாங்காதவங்ககிட்ட காரணம் கேளுங்க."

இன்னைக்கே பஸ்ஸுல முன் சீட்டு அக்கா ஒருத்தங்க மாட்டிட்டாங்க! கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல, கூடைக்காரர் நீட்டின என் கடலைமிட்டாயை ஒதுக்கிட்டு வேற கம்பெனி மிட்டாயை எடுத்தாங்க.

பஸ் கிளம்பினதும் கேட்டுட்டேன். "ஏங்க்கா, அந்த மிட்டாய் ருசி இல்லையா?"

"ருசிக்கு என்ன அண்ணாச்சி! பாக்கெட்டைப் பிரிக்கதுக்குள்ள சாத்தூர் வந்துருதுல்லா."

அடடா! விக்கலையேன்னு நான் வருஷக்கணக்கா பாகுப் பதத்தைல்லா மாத்திக்கிட்டு இருந்தேன்!

பையில இருந்த என் பாக்கெட்டை எடுத்து இழுத்தேன், பல்லால கடிச்சேன். ம்ஹூம்.

நாளையில இருந்து பாக்கெட் ஓரத்துல ஒரு சின்ன வெட்டு. முடிவு பண்ணியாச்சு!

என் மிட்டாயை வாங்காத மக்களே, உங்க காரணத்தைக் கீழ எழுதுங்க. பஸ் சாத்தூர் தாண்டிட்டு. நான் இன்னும் பிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.