சீட்டில் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், வங்காளத்தில் கங்கைக் கரையோர அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் அதை ஒட்டிய கார்டன் ரீச்சிலேயே வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் எனக்குச் சரளமாக வரும். அந்த வேலை கிடைத்ததே அதனால்தான்.

முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் "சாஹேப் சீட்டே நேய்". சீட்டில் இல்லை. அதிகாரி வெளியூர் போயிருக்கலாம், மீட்டிங்கில் இருக்கலாம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் கண்ணெதிரே காது குடைந்துகொண்டும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஒரு குளிர்காலத்தில் ஜாதவ்பூரிலிருந்து ஒரு பெரியவர் தினமும் பதினோரு மணிக்கு அழைப்பார். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியின் மருத்துவ அட்டையில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்தி எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதமாகிவிட்டது. யார் அழைக்கிறார் என்று அதிகாரியிடம் சொல்வேன். அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கையை மெல்ல ஆட்டுவார். நான் "சீட்டே நேய்" என்பேன்.

"அப்படியா? சரி மா. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

ஒருநாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சில வாரங்களில் அவரை மேஷோமொஷாய் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சித்தப்பா மாதிரி ஒரு முறைதான்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க மா. அவர் நிஜமாவே இல்லாதப்போ நீங்க உடனே சொல்லிடறீங்க. இருக்கறப்போ ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்றீங்க."

இருக்கிறார் என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து. இல்லை என்று இன்னொரு முறை சொல்லவும் நா எழவில்லை.

"சீட்ல இல்ல மேஷோமொஷாய்," என்றேன். "ஆனா ஸ்வெட்டர் நாற்காலியிலதான் தொங்குது. மூணு மணிக்கு டீ வரும். டீயை ஆறவிடற பழக்கம் அவருக்குக் கிடையாது."

அவர் சிரித்தார். "ரொம்ப நல்லது மா."

மூன்று மணிக்குக் கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் அதிகாரியின் அறைக்குள் நேராக நுழைந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்றுதான். கதவு திறந்தே இருந்தது.

"உட்காருங்க, உட்காருங்க. உங்க ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு," என்றார் அதிகாரி. "மேலே போயிருக்கு. பார்த்துட்டிருக்கோம்..."

"தொலைஞ்சு போச்சா?"

அதிகாரி டீக் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"தொலைஞ்சிருந்தா சொல்லுங்களேன். இங்கேயே இன்னொண்ணு எழுதித் தரேன். பேனா கொண்டு வந்திருக்கேன்."

அதிகாரி டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொலைஞ்சுதான் போச்சு," என்றார் கடைசியில். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அரை மணி நேரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. அதன்பிறகு அதிகாரி கையாட்டுவதை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை.

பெரியவர் ஆண்டுதோறும் துர்கா பூஜை முடிந்ததும் விஜயா வாழ்த்துச் சொல்ல அழைத்தார். அதிகாரியைக் கேட்கவே மாட்டார், என்னிடம்தான் பேசுவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொரு மேஜைக்கும் தனித் தொலைபேசி வந்தது. என் டெலிபோன் போர்டைக் கழற்றப் போகிறார்கள் என்று சொன்னபோது அவர், "அப்போ வீட்டுக்கு வந்துடு மா," என்றார். எப்போது ஒருமைக்கு மாறினார் என்று இருவருக்குமே தெரியாது.

இப்போது நியூ டவுனில் இருக்கிறேன். பிடிக்காதவர் அழைத்தால் என் மகள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அது மேஜைமேல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அப்போதெல்லாம் எனக்குப் பெரியவரின் ஜாதவ்பூர் வீடுதான் நினைவுக்கு வரும்.

போர்டைக் கழற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அங்கே போனேன். அவ்வளவு வருடம் பேசிய எங்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்ததும் பேச்சே வரவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார். நான் தட்டிலிருந்த தேங்காய் உருண்டையைப் பார்த்தேன். அவர் மனைவி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நீ போய் அந்த ரூம்ல உட்காரு மா," என்றார். "உன் மேஷோமொஷாய் இங்கேயே இருக்கட்டும். கதவைச் சாத்திட்டு ஃபோன்ல மாதிரி பேசுங்க."

அப்படியே செய்தோம். நெடுநேரம் பேசினோம்.