பழைய கம்ப்யூட்டருக்கு டிஸ்க் செய்தவர்

பிள்ளைகளே, நம் பள்ளியின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம் ஏறவில்லை என்று அதைத் தூக்கிக்கொண்டு செவிலிமேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஒடிசலான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காம்பைப் பட்டு நூலால் கட்டியிருந்தார்.

"லினக்ஸ் ஏத்தற டிஸ்க்கைத் தயார் பண்ற புரோகிராமே பொய் சொல்லுதுபா! பழைய மெஷினுக்கு வேண்டிய ஃபைல் உள்ள இல்ல. ஆனா முடிஞ்சுதுன்னு சொல்லிக்கினு இருக்குது" என்று கொதித்தார்.

அவரே அந்தப் புரோகிராமைத் திருத்தியிருந்தார். இப்போது ஒரு ஃபைல் குறைந்தாலும் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடுமாம். அதில் செய்த புது டிஸ்க்கை நம் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, முழுதும் ஏறும்வரை உட்காராமல் கைகட்டி நின்றார். எந்த டிஸ்க் போட்டாலும் அப்படித்தானாம். லினக்ஸ் ஏறிவிட்டது.

"இந்தத் திருத்தத்தை அதை எழுதினவங்களுக்கு அனுப்பலாமே, சார்?"

"அனுப்பாமயா? இவ்ளோ பழைய மெஷினை இப்ப யாரும் வெச்சிக்கினு இல்லன்னு பதில் போட்டாங்க. அப்ப உன் புள்ளைங்க யாருபா?"

எனக்கும் ஆத்திரம் பொங்கியது. அவர் போட்டோ பிடிக்கச் செல்போனை எடுத்தார்.

"மறுபடியும் அனுப்பறேன். நீயும் மெஷின் பக்கத்துல நில்லு. யாரும் இல்லன்னாங்களே, நல்லா பாக்கட்டும்."

பார்த்தார்களோ என்னவோ, தெரியாது. நான் சிரிக்காமல், முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.