சத்தமில்லாத பெட்டி

ஹட்டனில் நல்லமுத்து பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுக்கும் கொம்பியூட்டர்கள் காது கிழியக் கத்தும். வாங்கிப் போனவர்களிடம், தண்ணி மோட்டரா வாங்கியிருக்கிறீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். குறை சொல்லப் போனால், சத்தம் வந்தால்தானே உயிரோடு இருக்கிறதென்று தெரியும் என்பான், சிரிக்காமல். சத்தமே இல்லாத ஒன்றையும் அவன் பூட்டியிருக்கிறான். ஒன்றே ஒன்று.

அவன் பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஃபெக்டரிச் சுவரை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகளின் இரைச்சலில்தான் அங்கே பிள்ளைகள் தூங்கும், படிக்கும், அடி வாங்கும். அந்த இரைச்சல் யார் காதிலும் விழாது. நின்றால்தான் விழும். வேளைகெட்ட வேளையில் காற்றாடி நின்றால் உள்ளே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு லயமே வெளியே ஓடிவரும். ஒரு மத்தியானம் அப்படி நின்றது. ஓடிவந்த சனம் நல்லமுத்துவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மெஷின் பெல்ட்டில் மாட்டியது அவன் அப்பா.

வளர்ந்து ஹுசைன் நானாவின் கடையில் கொம்பியூட்டர் பூட்டக் கற்றுக்கொண்டான். இரண்டாயிரத்து நான்கில் ரோகினி டீச்சர் அங்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலையில் படிப்பிப்பவர். அவருடைய அம்மா பூரணத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். கொழும்பில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் சிவரூபனால் வர முடியவில்லை. குரல் போகுமுன் அவனிடம் சொல்ல வேண்டியதைப் பதிந்து அனுப்ப வேண்டும் என்று கிழவி பிடிவாதமாக இருந்தார். மிஞ்சியிருந்ததோ கிசுகிசுப்பு. டீச்சரின் பழைய கொம்பியூட்டர் அதை இரைந்தே விழுங்கிவிட்டது.

நானா கொழும்பிலிருந்து ஒரு வெறும் கொம்பியூட்டர் பெட்டியை எடுப்பித்துக் கொடுத்தார், சத்தத்தை அடக்கும் பெட்டி என்று. அரிசி மூட்டை போலக் கனம். உட்புறத் தகடெல்லாம் தடித்த கறுப்பு ஸ்பொன்ஞ்ச் ஒட்டியிருந்தது. காற்றாடிகள் ரப்பரில் உட்கார்ந்திருந்தன. முன்னால் ஒரு கதவு. அதை மூடினால் சுவிட்சும் பச்சை லைட்டும்கூட மறைந்துபோகும். எல்லாவற்றையும் உள்ளே பூட்டி, ஓடவிட்டு, நல்லமுத்து காதை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. கையை வைத்தபோது மட்டும், மூடிய கண்ணிமைக்குள் விழி அசைவது போல ஏதோ மெல்ல அசைந்தது. தொழில்காரனாக அவனுக்குச் சந்தோஷம். ஆனாலும் ஏனோ கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். நல்ல பெட்டிதான், கொஞ்சம் சூடாகும் என்று நானாவிடம் சொன்னான்.

ஆபரேஷனுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் டீச்சரின் குவாட்டர்ஸில் எல்லாம் தயாரானது. வெளியே பனிமூட்டம். மூச்சுச் சத்தம்கூட இடைஞ்சல் என்று டீச்சரை வெளியே அனுப்பினான். மொனிட்டரின் கீச்சொலி மைக்கில் விழாமலிருக்கப் பதிவைத் தொடங்கியதும் அதையும் அணைத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பூரணத்தின் உதடுகள் அசையத் தொடங்கின. கிழவி பேசப் பேச அழுதார், நடுவில் ஒருமுறை சிரித்தார். பிறகு எதையோ சொல்லப் போகிறவர் போல மூச்சை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அறை அடங்கிப்போனது. இரைச்சல் இல்லை. எங்குமே இல்லை.

காற்றாடி நின்றுவிட்டது.

நல்லமுத்துவின் உடம்பு தானாக எழுந்தது. யாருக்கு, யாருக்கு என்று நெஞ்சு அடித்தது. செத்துப்போன மெஷினை எழுப்பும் பழக்கத்தில் கை பெட்டிக் கதவைத் திறந்து சுவிட்சை அழுத்திப் பிடித்தது. உள்ளே பச்சை லைட் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்க்கும்போதே, அவன் விரலுக்குப் பக்கத்தில் அது அணைந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ தம்பி?"

சேமிக்குமுன் அணைந்ததில், பதிந்தது எதுவும் மிஞ்சவில்லை. திரும்பப் பேசச் சொன்னபோது பூரணத்தின் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. அவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அதை அவனால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கொழும்புக்குப் போனவர் ஆபரேஷன் மேசையிலிருந்து எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கடைக்கு போன் வந்தது. சிவரூபன். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்காவும் கேக்கேல்ல எண்டவ. நீங்கள்தானே ஹெட்போனில கேட்டனீங்கள். அம்மா என்னத்தச் சொன்னவ?"

நல்லமுத்து வாயைத் திறந்தான். உதடுகள் நினைவிருந்தன, கண்ணீர் நினைவிருந்தது. ஒரு சொல்கூட நினைவில்லை. பேச்சு நடந்த நேரமெல்லாம் பெட்டியின் சத்தம் உள்ளே வருகிறதா, வருகிறதா என்று மட்டுமே அவன் காது கொடுத்திருந்தான்.

"வரலைங்க," என்றான் கடைசியில். "ஒரு சத்தமும் வரலைங்க."

சிவரூபன் போனை வைக்கவில்லை. இவனும் வைக்கவில்லை. அந்த நீண்ட அமைதியில், கம்பிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல், பேசப் போகிற ஒரு கிழவி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. நல்லமுத்து எட்டிப் பக்கத்தில் கிடந்த பழைய கொம்பியூட்டரின் சுவிட்சைத் தட்டினான். அது இரைந்தது.