மேசையை ஒட்டிய கட்டில்

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் எனக்கு நிமோனியா வந்தது. எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. புதுக்கடைச் சந்தையில் அப்பாவுக்கு வெற்றிலைக் கடை. மழைக்காலத்தில் ஒரு நாள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தேன். சளிக்கு எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தேய்த்து, காற்று நுழையாமல் கதவடைத்து, கழுத்துவரை கம்பளியால் மூடிவிடுவார்கள். மூடியதை யாரும் விலக்கிப் பார்க்கக் கூடாது.

நான் அழவில்லை. கஞ்சி வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன். பொதுவாகவே ஆள் முன்னால் பேசாத பிள்ளை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சீக்கில்கூட எவ்வளவு அடக்கமாகக் கிடக்கிறது பாருங்கள் என்று அத்தை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டாள். மத்தியானம் சாப்பிட வந்த அப்பாதான் என் உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டார். கடையை மறந்து, வாடகைக் கார் பிடித்து, எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே நர்ஸ் முதல் வேலையாகக் கம்பளியை விலக்கினாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பெயர் என்ன என்று கேட்டாள். நான் அவளையே பார்த்தேன்.

“எனக்க பிள்ள மிண்டாது சிஸ்டரே. பெறவியிலேயே சாது” என்றாள் அம்மா.

“சாதுவா? மூச்சு விடவே பெலன் இல்ல. பின்ன எப்பிடி மிண்டும்?” என்று நர்ஸ் அதட்டினாள்.

டாக்டர் அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த அப்பா அன்று கடைப் பக்கமே போகவில்லை.

வார்டில் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். என்னை மட்டும் நர்ஸின் மேசையை ஒட்டிய கட்டிலில் போட்டார்கள். பக்கத்தில் என்னைவிட உயரமாக ஓர் இரும்பு உருளை. அதன் காற்று தண்ணீர்க் குப்பி வழியாக வந்து, குழாயில் என் மூக்குக்குள் போனது. குப்பியில் குமிழிகள் ஓயாமல் பொங்கின. வேறு எந்தப் பிள்ளைக்கும் குமிழி இல்லை. டாக்டர் உள்ளே வந்தால் முதலில் என்னிடம்தான் வருவார். அடக்கமான பிள்ளைக்கு ஒதுக்கிய இடம் இது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

நேரம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டார்கள். முதலில் குத்துவதே தெரியவில்லை. நாள் போகப் போக வலித்தது. ஒரு காலையில் நர்ஸ் ஊசியோடு வருவதைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது.

“போ ஏட்டி, குத்துக்காரி!”

வார்டே திரும்பிப் பார்த்தது. “பெரியவியள ஏட்டின்னா விளிக்கிய?” என்று அத்தை கை ஓங்கினாள். நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா விளி மக்கா. நல்லா கேக்கட்டு.”

நானும் விடவில்லை, உரக்க விளித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

மறுநாள் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். மூக்குக் குழாயைக் கழற்றினார்கள். நர்ஸ் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலோரம், மற்றப் பிள்ளைகள் நடுவே ஒரு கட்டிலில் போட்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய்த்துடுக்குக்குத் தண்டனை!

“இனி ஏட்டின்னு விளிக்க மாட்டேன். என்னை அங்கயே போடுங்கோ” என்று அழுதேன்.

“அந்தக் கட்டில் நமக்கு வேண்டாம் மக்கா” என்று அம்மா பதறினாள்.

அதோடு நின்றாளா? புதுக் கட்டிலைச் சுற்றியிருந்த தாய்மாரிடமெல்லாம் போய், “எனக்க பிள்ளய இங்க மாத்திட்டாவ” என்று, கல்யாணம் நிச்சயமான செய்திபோலச் சொன்னாள். அப்பா ஒரு குலை மட்டி வாழைப்பழம் வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். சொந்தப் பிள்ளையைத் தள்ளி வைத்ததற்குப் பழம் கொடுக்கும் தாய் தகப்பனை நான் எங்கும் கண்டதில்லை. என் பங்குப் பழத்தை வாங்க மறுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.