பெயருக்கு விட்ட இடம்

யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவருக்குச் சோறு போடுகிறவர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள்தான். கலியாணக் காட் வரும், கோயில் நோட்டீஸ் வரும். ஆனால் நிற்காமல் வருவது கல்வெட்டு. இங்கே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது அல்ல. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம் எல்லாம் சேர்த்த சின்னப் புத்தகம். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் அது இருந்தாக வேண்டும். கரண்ட் போய்விட்டது, மை முடிந்துவிட்டது என்று எவரிடமும் சொல்ல முடியாது. இதே மாதிரிக் கதிரையில் முதுகு நோக இருந்திருப்பீர்கள் என்றால் நான் மேலே விளக்கத் தேவையில்லை.

கனடாவில் ஒரு மகள்

நாங்கள் ஒருவரும் கல்வெட்டைப் புதிதாகத் தொடங்குவதில்லை. போன கிழமை இறந்தவரின் கோப்பைத் திறந்து, அதன்மேல் இந்தக் கிழமை இறந்தவரை எழுதுவோம். நேரம் மிச்சம். ஆனால் முந்தியவர் முழுதாகப் போய்விட்டாரா என்று பார்க்க வேண்டும்.

கீரிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் கல்வெட்டில் நான் அதைப் பார்க்கவில்லை. புரூஃப் வாங்க அவருடைய மனைவியே வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கண்ணாடி. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு மிக அமைதியாகக் கேட்டார்:

"பிள்ளை, உந்தக் கனடா மகள் ஆருக்குப் பிறந்தவள்? மனுசன் போகுமட்டும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

மூன்று பெண்கள், ஒரு கிணறு

அந்த அவமானத்துக்குப் பிறகு ஒரு வெற்றுக் கோப்புச் செய்து வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ‘அமரர் ............ அவர்களின் நினைவாக’ என்று மட்டும் இருக்கும். புள்ளிகளின் இடத்தில் பெயர் போட வேண்டும். அளவும் எழுத்தும் சரியாக இருந்ததால் எல்லா வேலைக்கும் அதையே எடுக்கப் பழகிவிட்டேன்.

சபாநாதன் ஐயா நாவல் கொண்டுவந்தபோதும் அதைத்தான் எடுத்தேன். அவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவல் கோப்பாயில் ஒரு வீட்டு வளவையும் அதன் கிணற்றையும் பற்றியது. முதலாம் பாகம் பறங்கியர் காலம். கோயிலை இடிக்க ஆட்கள் வருகிறார்கள், ஊர் ஓடுகிறது. இரண்டாம் பாகம் ஒல்லாந்தர் காலம். அம்மை நோய்க்குப் பயந்து ஊர் வெளிக்கிடுகிறது. மூன்றாம் பாகம் எங்கள் காலம். சண்டைக்குப் பயந்து சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடக்கிறது. மூன்றிலும் ஒரு பெண், கிணற்றடியில் கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டு வர என்று திரும்பிப் போகிறாள். வந்து சேரவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள் கிணற்றடியில் காண்பது, அழகாகச் சுருட்டித் தொங்கவிட்ட மாட்டுக்கயிறு.

மூன்றாவது பெண்ணின் பெயர் பூமணி. ஐயாவுடைய சொந்த அக்கா. கயிறும் உண்மை. கிணற்றை இறைத்துப் பார்த்தார்களாம், ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் எழுதியிருக்கவில்லை. அக்கா செத்துப்போனாள் என்று எழுதினால் தங்கை திலகா தாங்கமாட்டாள் என்றார். வீட்டில் இன்றுவரை பூமணிக்கு அந்தியேட்டி செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை.

மூன்று பெண்களும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் ஐயா என்றேன்.

"ஆள் வேறை பிள்ளை. மாடும் வேறை. கிணறு மட்டுந்தான் ஒண்டு."

அன்ரன் பிடித்த பிழை

எங்கள் அச்சகத்தில் தாள் மடிப்பதும் கட்டுவதும் அன்ரன். குருநகர்ப் பையன், பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கையில் வருவதையெல்லாம் வாசிப்பான். நாவலின் முதல் புரூஃபை அடுக்கிக்கொண்டிருந்தவன், மூன்று பெண்களும் திரும்பிப் போகும்போது ஒரே வசனத்தையே சொல்கிறார்கள் என்றான். ‘நீங்கள் நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்.’

சபாநாதன் ஐயாவிடம் கேட்டோம். முதல் இரண்டும் அவருடையவைதான், கற்பனை. மூன்றாவதில் அப்படி எழுதவே இல்லை என்றார். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். இல்லை. பூமணி ஒன்றும் பேசாமல் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகிறாள், அவ்வளவுதான். இரண்டு தரம் அடித்த வசனத்தைக் கை தானாக மூன்றாம் தரமும் அடித்திருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அன்ரன் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, இனி என்ரை வீட்டிலை ஆரும் செத்தா உங்களிட்டைக் கல்வெட்டு அடிக்கக் குடுக்கமாட்டன்."

படலையடி

அந்த வசனத்தை எடுப்பதற்கு முன்னமே திலகா வந்துவிட்டார். மத்தியான வெயில். ஸ்கூட்டியை வாசலில் விட்டு, ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கையில் தமையனின் மேசையிலிருந்து எடுத்த புரூஃப். கடைசிப் பக்கம் வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். "வந்தா எனக்குச் சொல்லுங்கோ. அக்காவைச் சாகவிட்டு எழுதினா நான் இந்தப் புத்தகத்தை வெளியிலை விடமாட்டன். அம்மா கண் மூடுமட்டும் செத்தவ எண்டு சொல்லாத அக்காவை, இவர் ஆர் சாக்காட்ட?"

பிறகு கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். மூன்றாம் பாகத்தைத் திறந்து அந்த வரியை எனக்குக் காட்டினார். இதை யார் சொன்னது என்றார். என் கைப்பிழை, எடுத்துவிடுவேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. அன்றைக்குப் படலையடியில் நின்றது அக்காவும் தானும் மட்டும் என்றார். அம்மா முன்னால் போய்விட்டாராம்.

"அண்ணை அப்ப கொழும்பிலை. அக்கா சொன்னதை நான் இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நானும் நடந்திட்டன்தானே."

மேல்வரி

நான் அந்த வசனத்தை எடுக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் மனம் வந்திருக்காது.

கடைசிப் புரூஃபுக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். ஐயா தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். பூமணி மாட்டை அவிழ்க்கிறாள், கயிற்றைச் சுருட்டுகிறாள், நாவல் முடிகிறது. சாவு இல்லை. திலகா முதலிலிருந்து ஆறுதலாகப் புரட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் பாகத்தில் விரல் நின்றது.

பக்கத்தின் மேலே, ‘அமரர் ............ அவர்களின் நினைவாக’ என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது. அந்தப் பாகம் முடியும்வரை இருந்தது. முதல் இரண்டு பாகங்களில் அந்த வரியை நீக்கியது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவதிலும் நீக்கியது நினைவிருக்கிறது.

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், இப்பவே அழிக்கிறேன் என்று திரையில் அந்தக் கோப்பைத் திறந்தேன். அன்ரன் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். திலகா எழுந்து வந்து என் பின்னால் நின்றார். திரையில் வெறும் புள்ளிகள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"அழியாதேங்கோ பிள்ளை. அக்கான்ரை பேரைப் போடுங்கோ. நாள் மட்டும் ஒண்டும் போடாதேங்கோ, எங்களுக்குத் தெரியாது."

இப்போதெல்லாம் நான் என் கோப்புகளில் பெயருக்கென்று இடம் விடுவதில்லை. விட்டால் யாராவது பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.