பொம்மைப் படமும் எல்லையம்மாளும்

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, எல்லையம்மாள் எழுந்துவிடுவாள். "யாரது, குந்துங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முழங்கால்களை மிதிக்காமல் தாண்டி, கீற்றுத் தட்டி ஓரமாக வெளியே வந்து நிற்பாள். ஒரு கிள்ளு புகையிலையை வாயில் அதக்கிக்கொள்வாள். உள்ளே யாராவது சிரித்தால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். சண்டைக்காட்சி என்றால் அலுப்போடு திரும்பி வந்துவிடுவாள். அவள் காலில் சக்கரம் கட்டித்தான் பெற்றுப் போட்டிருக்க வேண்டும்.

இப்படி உள்ளே பாதி வெளியே பாதியாகப் பார்க்கிறவள் சொல்லும் சொல்லில்தான் குடவாசலை ஒட்டிய அந்த டூரிங் டாக்கீஸின் பிழைப்பே இருக்கிறது. நம்பாதவர்கள் மேனேஜர் அப்துல் அஜீஸிடம் கேட்டுக்கொள்ளலாம், மனிதர் சத்தியமே செய்வார். புதுப் படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கே எல்லையம்மாள் ஆஜராகிவிடுவாள். மறுநாள் காலை நடவு வயலில் குனிந்தபடியே தீர்ப்பைச் சொல்வாள். அது வரப்பு தாண்டிப் பக்கத்து வயல் ஆட்களுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் போய்விடும். பொழுது சாய்வதற்குள் டாக்கீஸ் மணலில் இடம் இருக்குமா, நாய் படுத்திருக்குமா என்பது முடிவாகிவிடும்.

தீர்ப்பெல்லாம் வயல் பேச்சில்தான். முன்பாதி நன்றாக இருந்து பின்பாதி சொதப்பினால், "தலைமடை பாஞ்சிது, கடைமடைக்கித் தண்ணி வரல" என்பாள். பாட்டும் ஆட்டமுமாகப் போய்க் கதையே இல்லாவிட்டால், "பயிரு நல்லாத்தான் தூரு கட்டிருக்கு, கதிரத்தான் காணும்." அழவைத்தே ஓட்டும் படமென்றால், "ஓயாம பேஞ்சா நாத்து அழுவிப்பூடும்டி." வேறொன்றும் சொல்லாமல் "பதர்" என்று துப்பிவிட்டால் அத்தோடு சரி. அப்துல் அஜீஸ் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்கு ஆள் விடுவார்.

படத்தில் வயல் வந்தால் போச்சு. கதாநாயகன் ஏர் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்து, "அந்த மாடே சிரிக்கிது" என்பாள். நாற்று நட்டுக்கொண்டே முன்னால் நடந்துபோன ஒரு கதாநாயகியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நடவு நடுகிறவள் பின்னால்தானே நகர வேண்டும், நட்டதையே மிதித்துக்கொண்டு போவாளா எவளாவது? செய்திப் படத்தில் மந்திரி ஏழைகளுக்குப் பட்டா கொடுப்பதைக் காட்டும்போது, "எந்த ஊருல?" என்று இருட்டிலிருந்து உரக்கக் கேட்பாள். கொட்டகையே சிரிக்கும். கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் யாராவது நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அப்துல் அஜீஸ் பதறிப்போய்ப் பார்ப்பார்.

அந்தத் தை மாதம் அறுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. அறுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். தாசில்தார் முன்னால் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. பெரிய பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. எல்லையம்மாளின் புருஷன் சிவசாமியும் தெரு ஆண்களும் போய் வயலை மறித்து நின்றார்கள். விடிவதற்குள் போலீஸ் வேன் வந்து அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தன.

தூங்கி எழுந்து அப்பா எங்கே என்று கேட்ட பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் வழி சொன்னது எல்லையம்மாள்தான். "கோடியக்கரைக்கி உப்பள வேலைக்கிப் போயிருக்காங்கன்னு எல்லாரும் ஒண்ணுபோல சொல்லுங்க" என்றாள். சினிமாவில் ஒரு நாற்று தலைகீழாக இருந்தால் பொறுக்காதவள், தெரு மொத்தத்துக்கும் ஒரே பொய்யைக் கட்டிக் கொடுத்தாள். பெரிய பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும், வாயை மூடிக்கொண்டன. சின்னதுகள் உப்பளம் எப்படி இருக்கும் என்று துளைத்தெடுத்தன. எல்லையம்மாளின் மகள் மலர்கொடிக்கு ஏழு வயது. அவளுக்காக உப்பு மலை முளைத்தது, மலைக்குப் பக்கத்தில் கடல் வந்தது, கடலோரம் ரோஜா நிறத்தில் நீளக் கால் பூநாரைகள் வந்து இறங்கின. அப்பா அந்தப் பூநாரைகளுக்குப் பேர் வைத்திருக்கிறார் என்றுகூடச் சொல்லிவிட்டாள் எல்லையம்மாள், பாவி.

இடையில் ஒரு நாள் விவசாயச் சங்கத்துக்காரர்களோடு போய் அவள் சிவசாமியை ஜெயிலில் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் மலர்கொடி, உப்பளத்தைப் பார்த்தியா என்று கேட்டது. பார்த்தேன் என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் டாக்கீஸுக்கு அந்தப் பொம்மைப் படம் வந்து சேர்ந்தது. மனிதர்களும் வரைந்த பொம்மைகளும் சேர்ந்து நடித்த மாயாஜாலப் படம். மனிதர்கள் வருமிடம் கறுப்பு வெள்ளை, பொம்மை தேசம் மட்டும் வண்ணம். ஒரு படகோட்டி ஆற்றைக் கடக்கும்போது சூனியக்காரியின் சாபத்தால் சித்திரமாகிப்போகிறான். அவனுடைய சின்ன மகள் பேசும் கொக்கு ஒன்றின் முதுகில் ஏறிப் பொம்மை தேசத்துக்குள் புகுந்து, ஒரு வருஷம் சிறையில் கிடந்த அப்பனை மீட்டுக்கொண்டு வருகிறாள். ஆண்கள் இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகளை வைத்தாவது கொட்டகையை ஓட்டிவிடலாம் என்பது அப்துல் அஜீஸின் கணக்கு.

எல்லையம்மாள் வழக்கம்போல முதல் ஆட்டத்துக்குத் தனியாகப் போனாள். ஆரம்பத்திலேயே பொம்மை தேசத்தைக் காட்டியதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. பொம்மை தேசத்தில் எவனும் சோறு தின்னவில்லையே, சேற்றில் இறங்கிய கொக்கின் காலில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லையே என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். அப்பன் காணாமல் போனதும் வெளியே வந்தாள். மகள் அழுததும் உள்ளே போனாள். அப்புறம் எத்தனை முறை வந்தாள், போனாள் என்று தட்டியோரம் முறுக்கு விற்றவனுக்கே தெரியாது. கடைசி ரீலில் சாபம் நீங்கி அப்பன் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பி வந்தான். வாரிய தலை கலையவில்லை. முறுக்கிய மீசை அப்படியே இருந்தது. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், கொட்டகை கைதட்டியது. எல்லையம்மாள் விறுவிறுவென்று நடையைக் கட்டினாள். அப்துல் அஜீஸ் பின்னாலேயே வந்து படம் எப்படி என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் பெண்கள், வெளியூர் ஆட்கள் இறங்காதபடி வரப்பில் காவல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லையம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வரப்புப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள், வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினாள், அது காய்வதற்குள் மறுபடியும் இறங்கினாள். படம் பற்றிக் கேட்டவர்கள் மேலெல்லாம் வள்ளென்று விழுந்தாள். டாக்கீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு சாலையில் போனது. தெருப் பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடின.

பக்கத்து வீட்டு நீலாம்பாளின் புருஷனும் ஜெயிலில்தான் இருந்தான். அவள் எல்லையம்மாளை விடுவதாக இல்லை. "புள்ளைங்க உசுர வாங்குதுவோ. கூட்டிட்டுப் போலாமா, கூடாதா? ஒண்ணுல ஒண்ணு சொல்லித்தொலையேன்."

"ஒரு வருசம் செறையில கெடந்தவன் போன மேனிக்கே மொழுமொழுன்னு வந்து நிக்கிறான்டி" என்றாள் எல்லையம்மாள்.

"பொம்மப் படம்தானே, விடு."

"பொம்மைங்க பொய் சொல்லல. மனுசந்தான் சொல்றான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது. பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கும். அப்பா உப்பளத்திலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு வருவார் என்று சாலையைப் பார்த்துக் காத்திருக்கும். ஒரு நாள், ஜெயிலில் அவள் பார்த்த அதே மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக ஒருவன் தெருவுக்குள் வந்து நிற்பான். பெற்ற பிள்ளை அவனைக் கண்டு பயந்து உள்ளே ஓடினால்? எழுந்து வீட்டுக்குப் போனாள். மலர்கொடிக்குத் தலை பின்னிவிட்டாள். பொழுது இறங்கும் நேரத்துக்கு முதல் ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

மலர்கொடி வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்தது. எல்லையம்மாள் மலர்கொடியைப் பார்த்தாள். கொக்கு பேசியபோது பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. படகோட்டி ஆற்றில் மறைந்ததும் அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டு, அவனும் உப்பளத்துக்குத்தான் போயிருக்கிறானா என்று கேட்டது. டாக்கீஸில் ஒரே மெஷின்தான். ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். கடைசி ரீலுக்கு முன்னால் விளக்கு எரிந்ததும் அவள் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். முடிவு பார்க்க வேண்டும் என்று மலர்கொடி முரண்டு பிடித்தது.

"கண்ணு, ஒங்கப்பா உப்பளத்துல இல்ல."

பிள்ளை முரண்டை நிறுத்தியது. "பூநாரை?"

"பூநாரையும் இல்ல. அப்பா ஜெயில்ல இருக்கு. திருடல, யாரையும் அடிக்கல. கூலி கேட்டுச்சு, புடிச்சிட்டுப் போயிட்டாங்க. நாந்தான் ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

மலர்கொடி அழவில்லை. காலால் மணலை எத்திவிட்டது. "எல்லார்கிட்டயும் பூநாரை பேரெல்லாம் சொன்னேனே" என்றது கோபமாக.

கடைசி ரீலுக்கு மணி அடித்துவிட்டது. தட்டியோரம் வந்த அப்துல் அஜீஸ் இருவர் முகத்தையும் பார்த்துத் தயங்கி நின்றார். தெரு ஆண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். எல்லையம்மாளே பேச்சை எடுத்தாள்.

"பாய், தெருவு மொத்தமும் வரும். நாளைக்கி இல்ல, நாளன்னைக்கி. புள்ளைங்ககிட்ட பேசறதுக்கு எங்களுக்கு ஒரு பொழுது வேணும்."

அவர் தலையை ஆட்டினார். படம் எப்படி என்று அவள் இன்னும் சொல்லவில்லையே என்று மெதுவாகக் கேட்டார். பழக்க தோஷம்.

"கதிரு முத்தித்தான் இருக்கு. கடைசில வர்ற அப்பன் மட்டுந்தான் பதரு."

விளக்கு அணைந்தது. அப்துல் அஜீஸ் உள்ளே போனார். திரையின் வெளிச்சம் தட்டி இடுக்குகள் வழியாக வெளியே கசிந்தது. மலர்கொடி, நம் அப்பாவும் படகோட்டி போலப் பெரிய மீசையோடுதான் வருமா என்று கேட்டது. மீசையை வழித்துவிட்டார்கள், தலையையும் மழித்துவிட்டார்கள் என்றாள் எல்லையம்மாள். இனி ஒன்றையும் மறைப்பதாக இல்லை.

"அப்பறம் நம்ம அப்பான்னு எப்புடித் தெரியும்?"

எல்லையம்மாள் வளையலை மேலே தள்ளிவிட்டுத் தன் மணிக்கட்டைப் பிள்ளையின் முன்னால் நீட்டினாள்.

"அப்பாவோட புசம் இப்ப இம்புட்டுதான் இருக்கு. புடிச்சிப் பாத்துக்க."

உள்ளே அப்பன் திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. மலர்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் அம்மாவின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, விரல் விரலைத் தொடுகிற வரைக்கும் இறுக்கியது.